பையன் ‘சாரி’ சொன்னான், எதிரே இருந்தவர் நம்பவில்லை
தெற்கு ஆஸ்திரேலியாவில் சிறார் குற்றங்களுக்கான குடும்பக் கூட்டங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கிய ஓர் ஆய்வில் இரண்டு எண்கள் இருக்கின்றன. குற்றம் செய்த சிறுவர் சிறுமியர், தங்களால் பாதிக்கப்பட்டவரின் எதிரே உட்கார்ந்து மன்னிப்பு கேட்டிருந்தார்கள். பிறகு அவர்களைத் தனியாக உட்காரவைத்து, ‘எதற்காக மன்னிப்பு கேட்டாய்?’ என்று விசாரித்தார்கள். உண்மையாகவே வருத்தமாக இருந்தது என்று 61 சதவீதம் பேர் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களிடமும் தனியாகப் பேசினார்கள். அந்தப் பிள்ளை உள்ளபடியே வருந்தித்தான் மன்னிப்பு கேட்டது என்று நம்பியவர்கள் 27 சதவீதம்.

இரண்டு தரப்பும் ஒரே அறையில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் முகம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள். சொன்னதும் கேட்டதும் ஒரே சொல்தான். அப்படியிருந்தும் ஒருவர் கொடுத்தது மற்றவரிடம் போய்ச் சேரவில்லை. மறுசீரமைப்பு நீதி பற்றி நான் படித்தவற்றில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளிதான். அதைக் கண்டு எழுதியவர் கேத்லீன் டேலி, பிரிஸ்பேனில் உள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் குற்றவியலாளர்.

மறுசீரமைப்பு நீதி என்ற பெயர் கொஞ்சம் பயமுறுத்தும். விஷயம் எளிது. ஒரு குற்றம் நடந்தால் அரசு ஒரு பக்கமும் குற்றவாளி ஒரு பக்கமும் நின்று வழக்காடுவதுதான் நாம் அறிந்த முறை. பாதிக்கப்பட்டவர் அதில் வெறும் சாட்சி. அதற்குப் பதிலாக, தீங்கு செய்தவரும் தீங்கு பட்டவரும் அவரவர் வீட்டு ஆட்களோடு ஓரிடத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுப்பது இந்த முறை. கேட்டவுடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடித்துப்போனது. அதனால்தான் டேலியின் வேலையை முதலில் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது, இந்த முறைக்கு அவரைவிடப் பெரிய நன்மை யாரும் செய்யவில்லை என்று தோன்றியது.

கூட்டம் எப்படி வந்தது

இதன் வேர் நியூசிலாந்தில் இருக்கிறது. அங்கே 1989இல் வந்த சிறார் மற்றும் குடும்பங்கள் சட்டம், பதினான்கு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளின் பெரும்பாலான கடுங்குற்றங்களைக் குடும்பக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் உறவிலிருந்தும் பிரிக்கப்பட்டு அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டது பெரிய மனக்காயமாகச் சேர்ந்திருந்தது. ஜான் ரங்கிஹாவு தலைமையிலான குழு 1986இல் கொடுத்த அறிக்கை அதை வெளிப்படையாகச் சொன்னது. பிள்ளையைப் பற்றிய முடிவில் அவனுடைய உறவுக்கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைதான் சட்டமானது.

அடுத்த படி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள வாகா வாகா என்ற ஊர். 1991இல் அங்கே டெர்ரி ஓ’கானல் என்ற காவல்துறை சார்ஜென்ட் இந்தக் கூட்டங்களைத் தானே நடத்த ஆரம்பித்தார். காவலரே கூட்டத்தை நடத்தும் அந்த வடிவம்தான் பின்னாளில் பல நாடுகளுக்குப் போனது.

தெற்கு ஆஸ்திரேலியா வாகா வாகாவைப் பின்பற்றவில்லை, நியூசிலாந்தைப் பின்பற்றியது. 1993இல் இளம் குற்றவாளிகள் சட்டம் நிறைவேறி 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் இந்தக் கூட்டத்துக்குச் சட்ட அடித்தளம் போட்ட முதல் மாநிலம் அதுதான். பத்து முதல் பதினேழு வயது வரை உள்ள ஒரு பிள்ளை பிடிபட்டால் காவல்துறைக்கு நான்கு வழிகள்: வாய்மொழியாகக் கண்டித்து அனுப்பலாம், எழுத்தில் முறையாக எச்சரிக்கலாம், குடும்பக் கூட்டத்துக்கு அனுப்பலாம், சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். செய்தானா இல்லையா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. செய்துவிட்டான், இனி என்ன என்பதுதான் பேச்சு.

அறையில் யார் யார்? பிள்ளை, அவனுடைய அப்பா அம்மா அல்லது அவனுக்கு வேண்டிய பெரியவர்கள், பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வந்தவர், காவல்துறை அதிகாரி ஒருவர். கூட்டத்தை நடத்துபவர் நீதித்துறையின் கீழ் வேலைபார்க்கும் ஒருங்கிணைப்பாளர். மன்னிப்பு, நஷ்டஈடு, 300 மணி நேரம் வரையிலான சமூகப் பணி போன்றவற்றை முடிவாக எழுதலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பல பேர் அதைக் கவனிப்பதில்லை. முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் பிள்ளையும் காவல்துறைப் பிரதிநிதியும் சம்மதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமலே முடிவு செல்லும். எல்லோரும் ஒத்துப்போவது நல்லது என்று சட்டம் விரும்புகிறது, ஆனால் தடுக்கும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. ‘பாதிக்கப்பட்டவரை மையத்தில் வைக்கும் முறை’ என்று சொல்லப்படும் ஒன்றில் இது சின்ன விஷயம் இல்லை.

நியூ ஹேவனிலிருந்து அடிலெய்டுக்கு

டேலி அமெரிக்கர். ஆஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகர நீதிமன்றத்தில், ஒரே குற்றத்துக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு தண்டனை கிடைக்கிறதா என்று ஆராய்ந்தவர். அந்த ஆய்வுமுறையைச் சொன்னால்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில் அவர் செய்தது புரியும். முதலில் 300 வழக்குகளை எடுத்துப் புள்ளிவிவரமாகப் பார்த்தார். பெண்களுக்குத் தண்டனை குறைவாகத் தெரிந்தது. அப்புறம் ஆணும் பெண்ணுமாக 40 ஜோடி வழக்குகளை எடுத்து, ஒவ்வொன்றின் முழுக் கதையையும் படித்தார். காகிதத்தில் ஒரே பெயரில் இருந்த குற்றங்கள் நடந்த விதத்தில் ஒன்றாக இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எண் ஒன்று சொல்லும், கதை வேறொன்று சொல்லும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை பிடிபடும் என்ற பழக்கத்தோடுதான் அவர் 1995இல் ஆஸ்திரேலியா வந்தார்.

அந்த நேரத்தில் மறுசீரமைப்பு நீதி பற்றிய பேச்சு முழுக்கக் கதைகளால் ஆனது. திருடிய பையன் அழுதான், பறிகொடுத்த பாட்டி அவனைக் கட்டிக்கொண்டாள் என்ற மாதிரி கதைகள். அவை பொய் இல்லை. அப்படி நடக்கிறது. எத்தனை தடவை நடக்கிறது என்பதுதான் டேலியின் கேள்வி.

1998இல் அவருடைய குழு அடிலெய்டு பெருநகரிலும் இரண்டு சிற்றூர்களிலும் 89 கூட்டங்களில் உட்கார்ந்து நேரில் பார்த்தது. கடையில் சின்னத் திருட்டு போன்றவற்றை விட்டுவிட்டு, அடிதடி வழக்குகளையும், ஆளுக்கோ பொது இடத்துக்கோ சேதம் உண்டாக்கிய சொத்துக் குற்றங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளும் பாதிக்கப்பட்டவர்களுமாக 170க்கும் மேற்பட்டவர்களிடம் கூட்டம் முடிந்த பிறகு பேசினார்கள். ஒரு வருடம் கழித்து, 1999இல், அவர்களைத் தேடிப்போய் மறுபடியும் பேசினார்கள்.

அந்த இரண்டாவது பேட்டிதான் இந்த ஆய்வின் உயிர். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் மனம் லேசாக இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் நின்று ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு மாதம் கழித்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் பொறுமை குறைவான பேருக்கே இருந்திருக்கிறது.

நியாயமாக நடத்தினார்கள், சரி

முதல் முடிவு இந்த முறைக்குப் பெருமை சேர்ப்பது. உன்னை மரியாதையாக நடத்தினார்களா, பேச விட்டார்களா, நடைமுறை நியாயமாக இருந்ததா என்று கேட்ட கேள்விகளுக்கு, கேள்வியைப் பொறுத்து 80 முதல் 95 சதவீதம் வரை ஆம் என்று பதில் வந்தது. பிள்ளைகளிடமும் வந்தது, பாதிக்கப்பட்டவர்களிடமும் வந்தது. காவல்துறை அதிகாரி உட்கார்ந்திருக்கும் ஓர் அறையிலிருந்து வெளியே வரும் பதினைந்து வயதுப் பையன், ‘என்னை நியாயமாக நடத்தினார்கள்’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது முடிவில்தான் சிக்கல். ஒருவர் மற்றவர் நிலையைப் புரிந்துகொண்டாரா, பாதிக்கப்பட்டவரின் கதை பையனைத் தொட்டதா, இரண்டு பக்கமும் நல்லெண்ணம் காட்டினார்களா? இதை டேலி ‘மறுசீரமைப்புத் தன்மை’ என்று தனியாக அளந்தார். இது 30 முதல் 50 சதவீதக் கூட்டங்களில்தான் தென்பட்டது. அழுத்தமாக இருந்தது மூன்றில் ஒரு பங்கில்.

ஏன்? நியாயமான நடைமுறையை ஓர் ஒருங்கிணைப்பாளர் தன் திறமையால் கொண்டுவந்துவிடலாம். குறுக்கே பேசுபவரை நிறுத்தலாம், பேசாத அம்மாவைப் பேசவைக்கலாம், முடிவை எல்லோருக்கும் புரியும்படி வாசித்துக் காட்டலாம். அது பயிற்சியால் வருவது. ஆனால் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் இரவுத் தூக்கம் போனதைப் பற்றி உள்ளூர வலிக்க வேண்டும். அதை எந்த ஒருங்கிணைப்பாளரும் வெளியிலிருந்து ஊட்ட முடியாது. ஒரு மணி நேரத்தில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

கூட்டத்துக்கு வருமுன் என்ன யோசித்தாய் என்று பிள்ளைகளைக் கேட்டபோது வந்த பதிலை நான் முக்கியமாக நினைக்கிறேன். தன்னை என்ன செய்யச் சொல்வார்கள் என்றுதான் பாதிக்கு மேற்பட்டவர்கள் யோசித்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தான் என்ன தரலாம் என்ற எண்ணமே வரவில்லை. அந்தப் பக்கமிருந்து வருபவரோ, இவன் என்ன சொல்லப்போகிறான் என்று நாள் கணக்காக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். இரண்டு பேரும் வேறு வேறு கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

மன்னிப்பு என்ற சொல்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும்.

தமிழில் நாம் மன்னிப்பைக் ‘கேட்கிறோம்’. ‘மன்னிச்சிடுங்க’ என்பது ஏவல். எதிரே இருப்பவர் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று வேண்டுவது. ‘வருத்தமாக இருக்கிறது’ என்பது வேறு. அது என் மனநிலையைப் பற்றி நான் சொல்வது, எதிரே இருப்பவர் எதையும் தர வேண்டியதில்லை. ஆங்கிலத்து ‘சாரி’ இந்த இரண்டையும் ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறது. அடிலெய்டின் அறைகளில் பிள்ளை சொன்ன ‘சாரி’ அவன் அளவில் வருத்தமாக இருந்திருக்கலாம். கேட்டவர் காதில் அது ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்ற கோரிக்கையாக விழுந்திருக்கலாம். இது என் ஊகம், டேலி சொன்னதில்லை. ஆனால் 61க்கும் 27க்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை இப்படிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது.

நான் ஏழாவது படிக்கும்போது வகுப்பு ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். காலை வணக்கக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். கண்ணாடிச் சில் பட்டு என் வகுப்புத் தோழனின் கையில் தையல் போட்டிருந்தது. அது எனக்கு நிஜமாகவே உறுத்திக்கொண்டிருந்தது, ஆனால் மேடையில் நின்றபோது என் மனதில் அவன் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்நூறு பேர்தான் இருந்தார்கள். அவன் பல நாள் என்னோடு பேசவில்லை. வருத்தப்படுகிறவனால்கூட வருத்தத்தைக் காட்ட முடியாமல் போகும் என்பதை அந்த 61 சதவீதப் பிள்ளைகளிடமிருந்து நான் ஆச்சரியமில்லாமல் புரிந்துகொள்கிறேன். தலை குனிந்திருப்பான், குரல் எழும்பாது, காலை ஆட்டிக்கொண்டிருப்பான். எதிரே இருப்பவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்.

நியாயமாகப் பார்த்தால் இன்னொரு ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1995 முதல் 2000 வரை கேன்பெராவில் லாரன்ஸ் ஷெர்மன், ஹீதர் ஸ்ட்ராங், ஜான் பிரெய்த்வெய்ட் ஆகியோர் நடத்திய சோதனையில், வழக்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்து சிலவற்றைக் கூட்டத்துக்கும் சிலவற்றை நீதிமன்றத்துக்கும் அனுப்பினார்கள். கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு மன்னிப்பு என்று ஒன்று கிடைத்தது, நீதிமன்றத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குத்தான். கூட்டத்தில் மன்னிப்பு பெற்றவர்களில் பெரும்பாலோர் அது உண்மையானது என்றே நினைத்தார்கள். வன்முறைக்கு ஆளானவர்களிடம், வாய்ப்பு கிடைத்தால் அவனைத் திருப்பித் தாக்குவீர்களா என்று கேட்டபோது நீதிமன்றப் பக்கம் 45 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், கூட்டத்தின் பக்கம் 9 சதவீதம்.

அப்படியானால் டேலியின் 27 ஏன் இவ்வளவு குறைவு? கேள்வி வேறு என்பது என் எண்ணம். மன்னிப்பு உண்மையானதா என்று மொத்தமாகக் கேட்டால் பலர் பெருந்தன்மையாக ஆம் என்பார்கள். அவன் மன்னிப்பு கேட்டதற்கு முக்கியக் காரணம் என்ன, வருத்தமா, தண்டனை குறையும் என்ற கணக்கா, வீட்டாரின் கட்டாயமா என்று பிரித்துக் கேட்டால் மனதில் இருப்பது வெளியே வரும். டேலியின் ஆய்வில் நீதிமன்றத்தோடு ஒப்பிடும் பகுதி இல்லை, அது அதன் பெரிய குறை. கேன்பெரா ஆய்வில் அது இருக்கிறது. ஆனால் அறைக்குள் இருவருக்கு நடுவே என்ன ஓடுகிறது என்று இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்தது அடிலெய்டு ஆய்வுதான்.

ஒரு வருடம் கழித்து

மன்னிப்பை நம்பாதவர்களுக்குக் கூட்டம் வீணா? இல்லை. இதுதான் டேலியின் தரவில் எதிர்பாராத இடம்.

கூட்டத்துக்கு முன் பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் கோபமாக இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து அது 40 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பையனைக் கண்டு பயந்தவர்கள் முன்பு 40 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள், கூட்டம் முடிந்ததும் 25 ஆனது, ஒரு வருடத்தில் இன்னும் குறைந்தது. குற்றம் முடிந்துபோன கதை, அதிலிருந்து முழுதாக மீண்டுவிட்டேன் என்று 1999இல் சொன்னவர்கள் 60 சதவீதத்துக்கு மேல்.

இருட்டில் வீட்டுக்குள் புகுந்தவனைப் பற்றி மனம் ஒரு பூதத்தைச் செய்து வைத்திருக்கும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு பொடியன். அவனுடைய ‘சாரி’யை நம்பாவிட்டாலும் பயம் போய்விடுகிறது. மன்னிப்பு செய்யும் என்று நாம் நினைத்த வேலையின் ஒரு பகுதியை வெறும் சந்திப்பே செய்திருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி இல்லை. குற்றத்தால் மனம் உடைந்து, தூக்கம் கெட்டு, உடல் கெட்டு வந்தவர்களை டேலி பிறகு தனியாகப் பிரித்துப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடம் ஆகியும் மீளவில்லை. கோபமும் பயமும் அவர்களிடம் அப்படியே நின்றது, பையனைப் பற்றிய எண்ணமும் மாறவில்லை. லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூட்டம் நன்றாகவே உதவியது. அதிகம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் குறைவாக உதவியது. இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சராசரி எண் எவ்வளவு பேரை மறைத்துவிடும்!

பெண் பிள்ளைகள் பள்ளி வாசலிலும் தெருவிலும் போட்டுக்கொண்ட அடிதடிகளும் அப்படி ஒரு முடிச்சு. முன்பே தெரிந்தவர்கள், பழைய பகை, ‘அவள்தான் முதலில் பேசினாள்’ என்ற நியாயம். அடித்தவளுக்குத் தான் தப்பு செய்ததாகத் தோன்றவே இல்லை, அடிபட்டவளுக்கு நாளைக்கும் அதே பள்ளிக்கூடம். இந்த மாதிரி வழக்குகளில் கூட்டம் தடுமாறுவதை அவர் தனிக் கட்டுரையாக எழுதினார்.

திரும்பவும் குற்றம் செய்கிறார்களா என்ற கேள்வி வராமல் இருக்காது. ஹெனஸி ஹேய்ஸோடு சேர்ந்து, கூட்டத்துக்குப் பிந்தைய 8 முதல் 12 மாதங்களின் பதிவுகளைப் பார்த்து 2003இல் வெளியிட்டார். பிள்ளையிடம் வருத்தம் கண்கூடாகத் தெரிந்த கூட்டங்களிலும், முடிவை எல்லோரும் உண்மையாகவே ஒத்துக்கொண்ட கூட்டங்களிலும், மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்தது. பழைய வழக்குகள் இருந்த பிள்ளைகளுக்கு ஆபத்து எப்போதும்போல அதிகம்தான். வருத்தம் திருத்தியதா, திருந்த இருந்தவனுக்குத்தான் வருத்தம் வந்ததா என்று இந்த ஆய்வால் பிரிக்க முடியாது. கேன்பெராவில் வன்முறை வழக்குகளில் மட்டும் 100 பேருக்கு வருடத்துக்கு 38 குற்றங்கள் குறைந்தன, சொத்துக் குற்றங்களில் மாற்றமே தெரியவில்லை. ஆகவே ‘மறுசீரமைப்பு நீதி குற்றத்தைக் குறைக்கும்’ என்று ஒரே வாக்கியத்தில் யாராவது சொன்னால், எந்தக் குற்றம், எந்த ஊர் என்று கேட்க வேண்டும்.

கதைகளை நிறுத்திப் பார்த்தது

2002இல் டேலி எழுதிய ஒரு கட்டுரை துறையில் பலரைச் சங்கடப்படுத்தியது. இந்த இயக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நான்கு கதைகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் நிற்காது என்று காட்டினார். மறுசீரமைப்பு நீதி தண்டனைக்கு நேர் எதிரானது. அது பழங்குடிகளின் ஆதி நீதி. அது பெண்மை சார்ந்த அக்கறை நீதி. அது மனிதர்களை அடியோடு மாற்றும். நான்காவதற்குப் பதில்தான் மேலே பார்த்த எண்கள்.

முதல் கதைக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் கலந்தே இருக்கிறது. முதல் பாதியில் செய்த தப்பைப் பலமாகக் கண்டிக்கிறார்கள், அப்புறம் வேலை கொடுக்கிறார்கள், கடைசியில் அவன் எதிர்காலம் பற்றிப் பேசுகிறார்கள். தண்டனை, திருத்தம், சீரமைப்பு மூன்றும் ஒரே மணி நேரத்தில் வந்துபோகின்றன. 80 மணி நேரம் புல் வெட்டப்போகும் பையனிடம் ‘இது தண்டனை இல்லை’ என்று சொன்னால் அவன் ஒத்துக்கொள்வானா?

இரண்டாவது கதையைப் பற்றி டேலியைவிட மாவோரிக் குற்றவியலாளர் ஹுவான் டவுரி கடுமையாகப் பேசியிருக்கிறார். அரசு தன் வசதிக்கு ஏற்ப மாவோரி மரபிலிருந்து சில துண்டுகளை எடுத்து ஒட்டிக்கொண்டது, அதிகாரம் அரசு அலுவலகத்திலேயே இருக்கிறது என்பது அவர் வாதம். 2008இல் நியூசிலாந்தின் கிஸ்போர்ன் நகரில் நீதிபதி ஹீமி டவுமவுனு சிறார் நீதிமன்றத்தையே மாவோரி மக்களின் மராயே என்ற ஊர்ப்பொதுக் கூடத்துக்குக் கொண்டுபோனது அந்தக் குறைக்கு ஒரு பதிலாக வந்ததுதான்.

யாரும் தொட விரும்பாத வழக்குகள்

தெற்கு ஆஸ்திரேலியா இன்னொன்றையும் செய்தது. பிள்ளைகள் செய்யும் பாலியல் குற்றங்களையும் கூட்டத்துக்கு அனுப்பியது. பெண்ணிய இயக்கத்தில் பலர் இதை எதிர்த்தார்கள். வலுவான காரணங்கள் இருந்தன: குற்றத்தை லேசாக்கிவிடும், பாதிக்கப்பட்ட பிள்ளையை எதிரே உட்காரவைத்து மறுபடி நோகடிக்கும், குடும்பம் சேர்ந்து அமுக்கிவிடும்.

டேலி 1995 முதல் 2001 நடுப்பகுதி வரை ஆறரை வருடங்களில் முடிந்த 385 வழக்குகளின் கோப்புகளையும் எடுத்தார். 226 நீதிமன்றம் போனவை, 118 கூட்டம் போனவை, 41 எச்சரிக்கையோடு முடிந்தவை. நீதிமன்றம் போனவற்றில் ஏதாவது ஒரு பாலியல் குற்றம் நிரூபணமானது பாதியில்தான். மற்ற பாதி வாபஸ் ஆனது அல்லது தள்ளுபடியானது. கூட்டத்தைவிட நீதிமன்றத்தில் இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடித்தது. அத்தனை மாதம் காத்திருந்து, சாட்சி சொல்லத் தயாராகி, கடைசியில் ‘நடந்தது’ என்று யாரும் ஒப்புக்கொள்ளாமலே வீடு திரும்பிய பிள்ளைகள் அந்தப் பாதியில் இருக்கிறார்கள். கூட்டம் போன வழக்குகளில் ஒப்புதல் என்பது வாசற்படியிலேயே இருந்தது. மன்னிப்பும் அங்கேதான் அதிகம் கிடைத்தது. மேரி ஸ்ட்ரீட் என்று அழைக்கப்பட்ட, பாலியல் குற்றம் செய்த வளரிளம் பிள்ளைகளுக்கான சிகிச்சைத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்ற முடிவும் அங்கேதான் அதிகம் எழுதப்பட்டது.

ஆனி கோசின்ஸ் என்ற சட்ட அறிஞர் 2008இல் இதை மறுத்து எழுதினார். கோப்புகளை வைத்துப் பாதிக்கப்பட்டவரின் மனதைச் சொல்ல முடியாது, கூட்டம் மேலானது என்பதற்கு இது போதாது, நீதிமன்ற முறையைத் திருத்துவதுதான் வழி என்றார். டேலி அதே வருடம் பதில் எழுதினார். நான் இரண்டு பேரையும் படித்தேன். கோப்பு மனதைச் சொல்லாது என்பதில் கோசின்ஸ் சரி. ஆனால் ஒப்பீட்டில் ‘நீதிமன்றம்’ என்று நாம் வைப்பது நம் மனதில் இருக்கும் நல்ல நீதிமன்றமாக இருக்கக் கூடாது, பாதி வழக்குகள் கரைந்துபோகும் நிஜ நீதிமன்றமாக இருக்க வேண்டும் என்ற டேலியின் பக்கம்தான் நான் சாய்கிறேன்.

நடைமுறைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், மூன்று இடங்களில் வேலை இருக்கிறது. கூட்டத்துக்கு முன் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, ‘உன்னை என்ன செய்வார்கள்’ என்ற கவலையை ஓரம் வைத்துவிட்டு, ‘அவருக்கு நீ என்ன தரப்போகிறாய்’ என்று யோசிக்கவைப்பது முதல் வேலை. அதற்கு ஒருங்கிணைப்பாளருக்கு நேரம் வேண்டும், கையில் வழக்குகள் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது, பாதிக்கப்பட்டவரை முறையாக அழைப்பது. நியூசிலாந்தின் ஆரம்பக் காலத்தை ஆராய்ந்த கேப்ரியல் மேக்ஸ்வெல்லும் ஆலிசன் மாரிஸும், பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய பாதிக் கூட்டங்களுக்குத்தான் வந்தார்கள் என்று கண்டார்கள். குற்றவாளியைச் சந்திக்கவே விருப்பமில்லை என்றவர்கள் வெறும் 6 சதவீதம். மற்றவர்களில் பலருக்கு அழைப்பே போகவில்லை, அல்லது வேலை நாளில் நேரம் வைத்திருந்தார்கள். இது தத்துவச் சிக்கல் இல்லை, ஒரு போன்கால் விஷயம். மூன்றாவது, மனம் உடைந்து வந்தவரைக் கூட்டம் முடிந்ததும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு மறந்துபோகாமல், ஒரு வருடம் கழித்தும் விசாரிப்பது. ஆய்வுக்காக டேலியின் ஆட்கள் தேடிப்போனார்கள். முறைக்குள்ளேயே அப்படித் தேடிப்போக ஆள் இருந்ததா?

டேலி பிற்காலத்தில் ‘மறுசீரமைப்பு நீதி’ என்ற பெயரையே மெல்லக் கைவிட்டு, ‘புதுவகை நீதி’ என்று பொதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். எந்த முறையாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு ஐந்து விஷயங்கள் கிடைத்தனவா என்று அளக்கலாம் என்றார்: நடப்பதில் பங்கு, தன் கதையைச் சொல்ல வாய்ப்பு, அதை மற்றவர்கள் நம்புவது, நடந்தது தப்புதான் என்று வெளிப்படையாக அறிவிக்கப்படுவது, செய்தவன் பொறுப்பேற்பது. அந்தப் பட்டியலில் மன்னிப்பு தனி வரியாக இல்லை. தப்பு என்று அறிவிக்கப்படுவதற்குள்ளும் பொறுப்பேற்பதற்குள்ளும்தான் அதற்கு இடம்.